நரி முகம் காட்டலைங்க

...நாய்க்கடின்னா இந்த வரிசையாம். நரிக்கடின்னா எந்த வரிசைன்னு அந்த நர்சம்மாவுக்கே தெரியல! சிரிக்காக. "ஒச்சப்பண்ணே, நரி உங்களக் கடிச்சுச்சா, நீங்க நரியக் கடிச்சீகளா?"ன்னு கேக்காக. உங்களுக்கு நாயா? கொடுத்து வச்சவுக. வெளிய சொல்லிக்கிற மாதிரி கடி!

எல்லாம் அந்த டாக்டரம்மாவால வந்ததுங்க. சுமைரான்னு பேரு, விருதுநகர் ஜவுளிக்கடைக்காரக பொண்ணு. மாட்டு டாக்டருக்குப் படிச்சிட்டு மாட்டப் பாக்காம நரியப் பாக்குது. நான் வாட்ச்மேனா இருக்க பட்டாசுக் கம்பெனிக்குப் பின்னால கருவேலங்காட்டுல கூண்டு வச்சு, நரி, குள்ளநரி ரெண்டையும் பிடிச்சு, ரத்தம் கொஞ்சம் எடுத்துட்டு விட்டுரும். ரெண்டும் ஒண்ணுவிட்ட அண்ணந்தம்பியாம். ஒரே சீக்குதான், ஒருத்தன் தாங்குறானாம், இன்னொருத்தன் பொட்டுன்னு போயிர்றானாம். யாரு ரத்தம் எம்புட்டுச் சண்ட போடுதுன்னு பாக்கணுமாம். அட, இதுக்குக் காட்டுக்கா வரணும்? எனக்குத் தூத்தல் பட்டாலே சளி. எந்தம்பி சாக்கடையில விழுந்து கெடந்துட்டு எந்திரிச்சு வந்து சோறு கேப்பான், ஒரு தும்மல் கிடையாது. எங்களக் கூண்டுல போட்டிருக்கலாம்ல!

சரி, அத விடுங்க. நேத்து எம்மக வள்ளித்தாயப் பொண்ணு பாக்கத் திருத்தங்கல்லருந்து வாராக. நல்ல எடம், பையன் பிரஸ்ல ஆஃப்செட் மிசின் ஓட்டுறான். முன்னால வந்த எடமெல்லாம் தட்டிப் போயி, பிள்ள சிரிச்சே நாளாச்சுங்க. பெத்த மனசு கேக்குமா? நரி முகத்துல முளிச்சா யோகம்பாகல்ல... விடியக்காலம் கண்ண மூடிக்கிட்டே தடவித் தடவிக் கூண்டுகிட்டப் போயிக் கண்ணத் தொறந்து பாத்தா... வாலு! முதுகக் காட்டிப் படுத்திருக்குங்க!

வால்ல முளிச்சா என்ன பலன்னு யாரும் சொல்லலையே! "ஏலே, திரும்புலே"ன்னேன். ம்ஹூம். அதான்... கூண்டுக்கதவத் தூக்கி, கைய விட்டு, லேசாக் களுத்தப் பிடிச்சுத் திருப்புனேன்.

முகத்தக் காட்டுச்சுங்க. நல்லாவே காட்டுச்சு! கடிச்சிட்டு ஓடியே போயிருச்சு. டாக்டரம்மா அதுக்கு இன்னும் ரத்தங்கூட எடுக்கல. வந்து வெறுங்கூண்டப் பாத்து அளுதுச்சு. அளுதுக்கிட்டே என் கையச் சோப்புப் போட்டுக் களுவிவிட்டுச்சுங்க. கேவலமாப் போச்சு எனக்கு.

சாயங்காலம் வந்தவுகளுக்குப் பொண்ணப் பிடிச்சுப் போச்சு. அப்புறம் என் கைக்கட்டப் பாத்தாக. "சம்பந்திக்கு ஊசியெல்லாம் முடியட்டும், பெறகு பேசிக்கிருவோம்"னு கெளம்பிட்டாக. எம்மக கல்யாணம் இப்ப என் ரத்தத்துலல்ல தொங்குது! அது சண்ட போடுமா போடாதான்னு எந்த டாக்டரம்மாவ நான் கேக்க?

தொண்ட வேற காலையிலருந்து கரகரங்குது... ஏங்க, எங்க எந்திரிச்சுப் போறீக? கடி வாங்குனவன்ங்க நானு, கடிக்கிறவன் இல்ல!