குதிரைக்குக் கொடுத்த புறா

பாதர், உங்கள் மின்விசிறி கிறீச்சிடுகிறது. இரண்டு சொட்டு எண்ணெய் போதும். போகும்போது விட்டுவிட்டுப் போகிறேன்.

என் பலவீனம் சிறியது. சீன ராசி விலங்குகள் பொறித்த தங்க நாணயங்களைச் சேர்க்கிறேன். ஆண்டுக்கு ஒரு விலங்கு, பன்னிரண்டு ஆண்டுகளில் முழு வரிசை. வெள்ளவத்தையில் நாணய வியாபாரி றொஹான் சிங்கப்பூரிலிருந்து எடுத்துத் தருகிறான். 2020இல் எலியோடு தொடங்கினேன். அதன் மீசை முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். பார்த்துக்கொண்டே இருந்தால் போகாத தேசமெல்லாம் போய்வந்ததுபோல இருக்கும்.

என் சம்பளத்தில் தங்கம் வாங்க முடியாது. ஒரு நாணயம் ஏறக்குறைய ஒரு பவுன். என் மனைவி பிறிஜெற்றின் தாலிக்கொடி ஏழு பவுன். ஆண்டுதோறும் மினுக்கக் கொடுப்பதாக வாங்கிப் போவேன். செட்டியார் தெருவில் ஒரு பத்தர் ஒரு பவுன் துண்டை வெட்டியெடுத்து, அதே நீளத்துக்கு முலாம் பூசிய செம்பைப் பொருத்தித் தருவார்.

“சேர்ச்சில வேற ஒருத்தரிட தாலியும் இப்பிடி மினுங்காதப்பா,” என்பாள் பிறிஜெற்.

முயல் வந்த ஆண்டு அவள் கழுத்தில் சொறி வந்தது. களிம்பு வாங்கிக் கொடுத்தேன். நான் கல்நெஞ்சன் அல்ல.

இந்த ஆண்டுக் குதிரைக்குக் கொஞ்சம் குறைந்தது. தாலியிலிருந்த பரிசுத்த ஆவியின் புறாவையும் கொடுத்தேன். செம்புப் புறாவும் அதே அழகோடுதான் சிறகை விரிக்கிறது.

இப்போது பிறிஜெற்றின் இதயத்தில் ஒரு வால்வு பழுது. வியாழக்கிழமை ஒப்பரேசன். புது வால்வை நாங்கள்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

“கொடிய அடகு வைப்பம், கிளறன்ஸ். நான் எழும்பி வந்தா மீட்டு, இன்னொருக்கா மினுக்கித் தாங்கோ,” என்று சிரிக்கிறாள். ஆனால் தாலியாயிற்றே, அவளுக்கு மனம் ஒப்பவில்லை. “பாதர் ஓமெண்டா ஓம்,” என்று நாளை உங்களிடம் கேட்க வருகிறாள்.

நாணயங்களை விற்கலாமே என்பீர்கள். இந்த ஏழும் போய்விட்டால், வரப்போகிற ஐந்தும் யாரோடு நிற்கும்? வரிசை ஒருமுறை உடைந்தால் உடைந்ததுதான். இதயம் அப்படியல்ல. மருந்தோடு ஆறு மாதம் ஓடும் என்கிறார் டொக்டர். அதற்குள் ஆட்டு நாணயமும் வெளியாகிவிடும்.

ஆகவே, தாலியை அடகு வைப்பது பாவம் என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடுங்கள் பாதர். நானே சொல்லலாம். ஆனால் கல்யாணம் கட்டிப் பதினெட்டு வருடத்தில் பிறிஜெற்றிடம் நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.