ஒன்பது மணி நேரக் காத்திருப்பும் சிலுவையின் வள்ளமும்

பெயர்: விஜிலா. வயது: 48. க/பெ. காலஞ்சென்ற ஆன்டனி. முகவரி: திரேஸ்புரம், தூத்துக்குடி. தொழில்: சொந்த வாடகைக் கார் ஓட்டுதல். பதிவான நாள்: 14.07.2025, திங்கட்கிழமை, காலை 10.30 மணி.

நான் மேற்கண்ட முகவரியில் வசித்து வருகிறேன். பிறந்த ஊர் புன்னைக்காயல். ஐந்தாம் வகுப்புக்குப் பின் பள்ளிக்குச் செல்லவில்லை. துறைமுக அறிவிப்புப் பலகைகள், கோயில் சுற்றுமடல்கள், வழக்கு அறிவிக்கைகள் ஆகியவற்றைப் படித்துத் தமிழும் வேண்டிய அளவு ஆங்கிலமும் நானே கற்றுக்கொண்டேன். ஆகவே என் வாயிலிருந்து வரும் சொல்லே தாளில் இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொண்டதை உதவி ஆய்வாளர் செந்தில்முருகன் ஏற்றுக்கொண்டார்.

ஒப்பந்தம் முடிந்து கப்பலிலிருந்து இறங்கும் மாலுமிகளைத் துறைமுக வாயிலில் ஏற்றி, வாகைகுளம் விமான நிலையத்தில் சேர்ப்பது கடந்த ஆறு ஆண்டுகளாக என் வேலை. கப்பல் காலையில் இறக்கிவிடும். விமானம் மாலையில்தான் புறப்படும். இடைப்பட்ட நேரத்தை எவ்வாறு கழிப்பது என்பதற்கு நானே ஒரு முறை வகுத்து நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நான்கு மணி நேரமானால் முடிதிருத்தகமும் மக்ரூன் இனிப்புக் கடையும். ஆறு மணி நேரமானால் கூடவே பனிமயமாதா கோயிலும் நல்ல மதியச் சாப்பாடும். எட்டு மணி நேரமானால் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை. இம்முறைப்படி முப்பத்தொன்பது பேரை அனுப்பியிருக்கிறேன். ஒருவர்கூட விமானத்தைத் தவறவிட்டதில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை 8.00 மணிக்கு, இலங்கை மன்னார் மாவட்டம் பேசாலையைச் சேர்ந்த ஜெரால்டு, வயது 36, என்ற மாலுமியை ஏற்றிக்கொண்டேன். அவருடைய விமானம் மாலை 5.10க்கு. சென்னை சென்று, அங்கிருந்து கொழும்பு, அதன் பின்னர் ரயிலில் மன்னார். நகர எல்லைக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்று அவருடைய குடியேற்ற அனுமதித் தாளில் எதுவும் இல்லை. இருந்திருந்தால் படித்திருப்பேன்.

அதன் பின்னர் அவரை வழக்கமான விடுதியில் இறக்கிவிட்டேன். அரை மணி நேரத்தில் பையோடு வெளியே வந்துவிட்டார். கண் இரண்டும் சிவந்திருந்தன. "நித்திரை வருகுதில்லை அக்கா. பதின்மூண்டு மாசமாக் கடல். அந்தக் கட்டில் அசையாமக் கிடக்குது, பயமாக் கிடக்கு" என்றார். கோட்டைக்குப் போகலாமா என்று கேட்டேன். கோட்டை அசையுமா என்று கேட்டார்.

காரில் ஏறியதும், அவர் கடலில் இருந்தபோது பிறந்த மகளின் படத்தைக் காட்டினார். "ரெண்டு பல்லு வந்திட்டுதாம். நான் இன்னும் ஆளையே காணேல்லை" என்றார். அந்தக் கண்களோடு மகள் முன்னால் போய் நிற்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. என் நோட்டில் இல்லாத ஒன்றை அப்போதுதான் முடிவு செய்தேன்.

அதன் பின்னர் புன்னைக்காயலுக்கு வண்டியைத் திருப்பினேன். முள்ளக்காட்டில் சாலையின் இருபுறமும் உப்பளங்கள் வெயிலில் வெளுத்து, வானம் எங்கே முடிகிறது என்று தெரியாமல் கிடந்தன. அவர் தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது. வேகத்தடையில் வண்டி குலுங்கியபோது விழித்து, "பேசாலையோ?" என்று கேட்டார். "இல்ல தம்பி, முள்ளக்காடு" என்றேன். பழையகாயல் பாலத்திலும் அதே கேள்வியைக் கேட்டார். இதை உதவி ஆய்வாளர் தனியே குறித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் யாரும் கடல் தொழிலுக்குப் போவதில்லை. மீன்பிடி வள்ளங்கள் எல்லாம் ஆற்று முகத்தில் கட்டிக் கிடக்கும். ஆகையால் அன்று வள்ளத்தில் உறங்கும் ஒருவரை யாரும் எழுப்ப வரமாட்டார்கள் என்று கணக்கிட்டேன். பூசை முடிந்து வந்த என் பெரியப்பா மகன் சிலுவையிடம், இவர் மூன்று மணி நேரம் உறங்க அவருடைய வள்ளம் வேண்டும் என்று கேட்டேன்.

"ஏளா, லாட்ஜ் எல்லாம் பூட்டிட்டானா? என் வள்ளத்துக்கு ஆள் கூட்டிட்டு வாரா!" என்று சிரித்தார். எந்த ஊர் என்று கேட்டு, பேசாலை என்றதும், "இங்கன இருந்து ஒரு ராத்திரி ஓட்டம்லா ஒங்க ஊரு! அதுக்கா மெட்ராசு, கொழும்புன்னு சுத்துதிய?" என்றார். அதற்கு ஜெரால்டு, "பாஸ்போட் வச்சிருக்கிற ஆளுக்குக் கிட்டின வழி கிடையாது அண்ணை" என்றார். இருவரும் சிரித்தார்கள். துறையில் இருந்தவர்கள் இதைக் கேட்டுக் காவல் நிலையத்தில் சொல்லியிருப்பது உண்மையே. ஆனால் அவர்கள் சிரிப்பைச் சொல்லவில்லை.

அதன் பின்னர் சிலுவை வள்ளத்தைத் துறைத் தூணில் கயிற்றைக் குட்டையாக விட்டுக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனார். இயந்திரம் நீருக்கு மேலே தூக்கி மடக்கப்பட்டிருந்தது. ஜெரால்டு நிழலுக்குக் கட்டிய நீலத் தார்ப்பாயின் கீழ், வலைக்குவியலின் மேல் படுத்தார். நீரில் பட்ட வெயில் தார்ப்பாயின் அடியில் நெளிந்துகொண்டே இருந்தது. அதைப் பார்த்தபடி ஒரு முறை புன்னகைத்தார். அடுத்த நிமிடம் உறங்கிவிட்டார். அப்போது மணி 11.00.

நான் எதிரே வலைக்கொட்டகை நிழலில் அமர்ந்தேன். பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்தது. எழுந்து நின்று திரிகாலச் செபம் சொன்னேன். கண்ணைத் திறந்தபோது வள்ளம் இருந்தது. அதன் பின்னர் அமர்ந்தேன். ஊர் முழுவதும் சாப்பிட்டுப் படுத்திருந்தது. ஓர் ஆடுகூட நடமாடவில்லை. கச்சான் காற்று மேற்கிலிருந்து கடலை நோக்கி ஒரே சீராக வீசிற்று. எது காற்று, எது அலை என்று பிரித்தறிய இயலவில்லை. நான் உறங்கிவிட்டேன்.

முப்பத்தொன்பது பேரை ஏற்றிவிட்ட நான் இன்றுவரை விமானத்தில் ஏறியதில்லை. அந்த உறக்கத்தில் ஏறினேன். விமானத்தின் தரை மணலாக, ஈரமாக இருந்தது. இருக்கைகளில் எல்லாரும் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள். எங்கே போகிறது என்று நானும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை. இது தேவையில்லை என்று உதவி ஆய்வாளர் சொன்னார். நான் உறங்கினேன் என்பதற்கு இதைத் தவிர வேறு சான்று இல்லாததால் பதிவு செய்யுமாறு வேண்டினேன்.

விழித்தபோது மணி 1.25. தூண் இருந்தது, வள்ளம் இல்லை. ஓடிப்போய்க் கோயில் ஒலிபெருக்கியில் சொல்லச் செய்தேன். சிலுவை சாப்பிட்ட கையோடு ஓடிவந்து வேறொரு வள்ளத்தை இறக்கினார். அதற்குள் காவல்துறை ரோந்துப் படகு கரையிலிருந்து மூன்று கடல் மைல் கிழக்கே வள்ளத்தைக் கண்டுபிடித்துவிட்டது. ஜெரால்டு அப்போதும் உறக்கத்தில் இருந்தார். தட்டி எழுப்பியபோது அவர் கேட்ட முதல் வார்த்தை "பேசாலையோ?" என்பதாகும். அதை அவர் தப்பிச் செல்ல எண்ணியதற்கு ஒப்புதலாக எழுதியிருக்கிறார்கள். முள்ளக்காட்டிலும் பழையகாயலிலும் அவர் அதையே கேட்டார் என்பதை மேலே கூறியுள்ளேன். முள்ளக்காட்டுக்கு யாரும் கள்ளத்தனமாகத் தப்பிச் செல்வதில்லை.

மாலை 5.10 விமானம் அவர் இல்லாமல் புறப்பட்டது. அவர் நேற்றிலிருந்து இந்த நிலையத்தின் முன்னறையில் பெஞ்சில் அமர்ந்திருக்கிறார். வழக்குப் பதிந்தால் அவர் மகளைப் பார்க்க மாதங்கள் ஆகும் என்று சொல்லப்பட்டது.

கயிறு அறுபடவில்லை, அவிழ்க்கப்பட்டிருக்கிறது என்பதே அவர் மீதுள்ள முதன்மையான ஐயம். இன்று காலை சிலுவை இதே அறையில், "எனக்கு அறுபத்திரண்டு வயசு சார். நான் போட்ட முடிச்சு தானா அவுந்த வரலாறே கெடையாது" என்று கூறினார். அது உண்மை. கேட்டதும் உதவி ஆய்வாளர், அப்படியானால் வள்ளத்தில் இருந்தவர்தான் அவிழ்த்திருக்க வேண்டும் என்றார். நான் நேற்று மாலை இங்கு வந்தபோது சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன்.

நேற்று 11.40 மணிக்கு, அலையில் வள்ளம் துறைச் சுவரில் இடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வோர் இடிக்கும் ஜெரால்டின் முகம் சுருங்கிற்று. சிலுவையைக் கூப்பிடுவதா என்று யோசித்தேன். கூப்பிட்டால், "முடிச்சு போடத் தெரியாதாளா?" என்பார். ஆகவே நானே முடிச்சை அவிழ்த்து, கயிற்றை நீளமாக விட்டு, வள்ளம் சுவரில் படாத தூரத்தில் மிதக்கும்படி செய்து மறுபடி கட்டினேன். இடி நின்றது. அவர் முகம் தெளிந்தது. நான் எல்லாம் கற்றவள் என்ற திருப்தியோடு நிழலுக்குத் திரும்பினேன். நான் போட்டது, காரின் மேல் பெட்டிகளைக் கட்டும் முடிச்சு. அது நிற்கிற பாரத்துக்கானது. அசைகிற பாரத்துக்கு ஆகுமா என்று நான் யாரிடமும் கேட்டதில்லை.

இதை எழுத்தில் தருவதோடு, நேரில் காட்டவும் அனுமதி கேட்டேன். கைப்பற்றப்பட்ட அதே கயிற்றை மேசைக்காலில் நேற்றுப் போலவே கட்டினேன். உதவி ஆய்வாளர் மறுமுனையைப் பிடித்து, அலை இழுப்பதுபோல் இழுத்து இழுத்து விட்டார். முதலில் ஒன்றும் ஆகவில்லை. நான் சரியாகத்தான் கட்டியிருக்கிறேனோ என்று ஒரு கணம் நினைத்தேன், அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டேன். நான்காவது நிமிடத்தில் கயிறு ஓசையில்லாமல் நெகிழ்ந்து தரையில் விழுந்தது. சிலுவை குனிந்து அதை எடுத்துப் பார்த்து, "ஏளா விஜிலா, இது முடிச்சா, இடியாப்பமா?" என்றார். முன்னறையில் யாரோ சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தேன். அது ஜெரால்டு.

ஆகவே, வள்ளம் நழுவியது என் முடிச்சாலும் என் உறக்கத்தாலும். மேற்படி நபர் கயிற்றைத் தொடவே இல்லை. இதனால் துறைமுக வாயிலில் ஆள் ஏற்றும் என் அனுமதிச் சீட்டு திரும்பப் பெறப்படலாம் என்று எச்சரிக்கப்பட்டேன். தெரிந்தே சொல்கிறேன்.

எழுதியதை வாங்கி எழுத்தெழுத்தாக நானே படித்தேன். இரண்டு இடங்களில் ஒற்று மிகுந்திருந்ததைத் திருத்தினேன். பொருளில் திருத்த ஒன்றும் இல்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமல், யாருக்கும் அஞ்சாமல் கூறிய உண்மை.

(ஒப்பம்) விஜிலா

கையொப்பத்துக்குப் பின் என் கைப்பட எழுதுவது: இன்றைய விமானமும் மாலை 5.10க்கே. வண்டி நிலைய வாசலில் நிற்கிறது. ஜெரால்டு வேண்டிய அளவு உறங்கிவிட்டதால், அவரை விடுவித்தால் எங்கும் சுற்றாமல் நேரே விமான நிலையம் போய்விடலாம்.