இப்பவே அக்காவின் நோட்டு

மேடையில் அமர்ந்திருக்கும் கண்காணிப்பாளர் அவர்களே, மருத்துவர்களே, நாலாம் வார்டுச் செவிலியர்களே, தாயைப் பறிகொடுத்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மகளே, கனத்த நெஞ்சோடு வணக்கம்.

நம் தலைமைச் செவிலியரைப் பெயர் சொல்லி அழைத்தவர் நம்மில் யார்? 'இப்பவே அக்கா' என்றுதானே அழைத்தோம்! நோயாளி எதைச் சொன்னாலும் இப்பவே எழுது என்பார். டீ குடிக்கக் கிளம்பியவரையும் விடமாட்டார். இந்த அம்மாவுக்கு வேறு வேலையே இல்லையா என்று, அவருக்குக் கீழே செவிலியராக இருந்த நானே முணுமுணுத்திருக்கிறேன்.

ஒரு பெரியவருக்கு ஏதோ ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாது என்று அவர் மனைவி என்னிடம் சொல்லியிருந்தார். மூன்று நாள் கழித்து, ஊசி போடும் முன் மருத்துவர் கேட்டார். ஒத்துக்கொள்ளாது என்பது நினைவில் இருந்தது. எந்த மருந்து? தலைகீழாக நின்றாலும் வரவில்லை! அக்கா கோட்டுப் பையிலிருந்து நோட்டை எடுத்தார். அந்த மனைவி என்னிடம் சொன்னபோது அக்கா பக்கத்துக் கட்டிலருகே நின்றிருக்கிறார். மருந்தின் பெயர், உடம்பில் தடிப்பு வந்த மாதம், எல்லாம் அதில் இருந்தது. போடவிருந்தது அதே மருந்து. ஊசியை மாற்றினார்கள். பெரியவர் நாலு நாளில் நடந்தே வீட்டுக்குப் போனார்.

அக்கா என்னைத் திட்டினாரா? இல்லை. "மறக்கிறது தப்பில்லப்பா, எழுதாம விட்டதுதான் தப்பு. பொதுவா என்னங்கறது மனசுல நிக்கும். பேரும் நாளும்தான் முதல்ல ஓடிடும்" என்றார்.

அன்றே நான் திருந்தியிருக்க வேண்டாமா?

போன மாதம் அதே வார்டில், பன்னிரண்டாம் கட்டிலில் அக்கா படுத்திருந்தார். நெடுநாள் பேசாதிருந்த மகள் வந்துகொண்டிருந்தார். அவர் வருமுன் தான் போய்விட்டால் அவரிடம் சொல்லும்படி, அக்கா என்னிடம் நாலு வார்த்தை சொன்னார். நான் எழுதவில்லை. மறக்கவா போகிறேன் என்று நினைத்தேன். மகள் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நேற்றுதான் அவர் கேட்டார். "அம்மா என்ன சொன்னாங்க மாமா? அப்படியே சொல்லுங்க."

உன்மேல் வருத்தமில்லை என்றார் அம்மா, என்றேன். அதில் பொய்யில்லை. ஆனால் அக்காவின் வாய்ச்சொல்? போய்விட்டது. அவர் சொன்னதில் ஒரு மழை இருந்தது, ஒரு சிவப்புக் குடை இருந்தது, அவ்வளவுதான் நினைவிருக்கிறது. என்னை மன்னித்துவிடம்மா.

நண்பர்களே, உங்கள் நாற்காலிகளில் ஆளுக்கொரு தாள் வைத்திருக்கிறேன். நல்லவர், அன்பானவர் என்று எழுதாதீர்கள். அது நமக்கு எப்படியும் மறக்காது. அக்கா எந்தப் பாட்டை முணுமுணுத்தார், யாரை என்ன சொல்லிக் கிண்டல் செய்தார், அதை எழுதி மகளின் கையில் கொடுங்கள்.

அக்காவின் நோட்டை இனி நாலாம் வார்டில் நான் சுமப்பேன். முதல் வரி எழுதிவிட்டேன்: 'மழை. சிவப்புக் குடை. யார் பிடித்திருந்தார்கள் என்று மறந்துவிட்டது.'

மகளே, அது யாரென்று உனக்குத் தெரியுமென்றால், அந்த வரியை நீ முடித்துக் கொடு. இப்பவே எழுதம்மா.