ஆலை இறங்குதுறையில் சாவி எடுக்கப்பட்டது குறித்து வெர்லின் ஹோக்ஸ்ட்ரா சொன்னது

என் பெயர் வெர்லின் ஹோக்ஸ்ட்ரா, வயது 59. அயோவா மாநிலம், டன்ஹோம் மாவட்டம், வெல்டன் ஊர், மூன்றாம் தெரு, 214ஆம் எண் வீட்டில் மனைவி கேரலுடன் குடியிருந்து வருகிறேன். பள்ளிப் படிப்பு முடித்தவன். பள்ளிக்கூடம் என்னைப் போதும் என்று முடித்து அனுப்பியது என்று எழுதினாலும் தப்பில்லை. கூட்டுறவுத் தானியக் கிடங்கில் முப்பத்தொரு வருடமாக லாரிகளை எடை போடும் வேலை செய்து வருகிறேன். இந்த விசாரணையில் வரும் பூங்கா ரேஞ்சர் கென்ட்ரா ஹோக்ஸ்ட்ரா, வயது 27, என் ஒரே மகள். அவர் வெளியூர்க்காரர் ஒருவரின் வண்டியை அனுமதியில்லாமல் எடுத்தார் என்று புகார் வந்து, மாவட்டப் பூங்கா வாரியம் அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருப்பதால், யாரும் கூப்பிடாமல் நானாகவே 18.07.2019 வியாழக்கிழமை காலை ஷெரிஃப் அலுவலகத்துக்கு வந்து, துணை ஷெரிஃப் கோரி பிக்ஸ்லர் முன்னிலையில் இதைச் சொல்கிறேன். நான் சொல்வது எனக்கே எதிராகத் திரும்பலாம் என்று அவர் எச்சரித்தார். எதிராகத் திரும்பத்தான் வந்திருக்கிறேன் என்று சொன்னேன்.

கடந்த 13ஆம் தேதி சனிக்கிழமை எங்கள் ஊர் சோளத் திருவிழா. அதற்கு முந்தைய இரண்டு நாள் மேற்கே பெய்த மழையில் எல்க் ஃபோர்க் ஆறு ஏறியிருந்தது. ஆகவே ரேஞ்சர் விடியற்காலையிலேயே பழைய ஆலை இறங்குதுறையில் ‘ஆறு மூடப்பட்டுள்ளது’ என்ற சிவப்புப் பலகையை மாட்டிவிட்டு, முக்கால் மைல் மேலே உள்ள பாலத்தின் படிக்கட்டில் மரத்தடுப்பும் வைத்துவிட்டு, முகாம் மைதானத்தில் ஆற்றோரம் கூடாரம் போட்டிருந்தவர்களை மேட்டுக்கு மாற்றப் போயிருந்தார். நான் அன்று காலை சுமார் ஒன்பதரை மணிக்கு ஆலைத் துறைக்குப் போனேன். அங்கே எனக்கு வேலை ஒன்றும் இல்லை. சனிக்கிழமைகளில் அங்கே நின்றுகொண்டு, கேட்காதவர்களுக்கும் வழி சொல்வது என் வழக்கம்.

அப்போது சிகாகோவிலிருந்து வந்திருந்த திரு. ட்ரென்ட் மேலரி என்பவரும் அவர் மனைவி புரூக் என்பவரும் புது பிக்கப் வண்டியில் வந்து இறங்கினார்கள். வண்டியின் முன்பக்கம், சிக்கிய வண்டிகளை இழுக்கும் கம்பி வடம் சுற்றிய வின்ச் ஒன்று இருந்தது. விசாரித்தபோது, சோளக்காட்டுப் புதிர்ப்பாதை சேறாகி மூடிக் கிடப்பதாகவும், நெடுஞ்சாலை ஓரம் நிற்கும் நாற்பதடி கெளுத்தி மீன் சிலையோடு படம் எடுத்துவிட்டதாகவும், இப்போது ஆறும் மூடியிருப்பதாகவும் சொன்னார்கள். அதைத் தொடர்ந்து திரு. மேலரி மனைவியிடம், “அவ்வளவுதான் புரூக், பத்து நிமிஷத்துல மாவட்டமே முடிஞ்சிருச்சு” என்றார். அவர் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

அதன் பிறகு நான் அவர்களிடம், அந்தப் பலகையை மாட்டியவள் என் மகள்தான் என்றும், அவள் ஒரு தூறல் விழுந்தாலே பலகை மாட்டுகிறவள் என்றும், இந்த ஆற்றை எனக்கு நாற்பது வருடமாகத் தெரியும், நானே ஆற்றில் கூட்டிப்போகிறேன் என்றும் சொன்னேன். இதை அப்படியே எழுத வேண்டாமே என்று பிக்ஸ்லர் சொன்னார். எழுதும்படி கேட்டுக்கொண்டேன். கென்ட்ரா ரேஞ்சர் வேலைக்குப் போன நாளிலிருந்து அதை ‘வாத்து எண்ணுகிற வேலை’ என்று கிடங்கில் சொல்லிச் சிரித்து வந்தவன் நான். அதையும் எழுதலாம்.

இனிச் சொல்வதுதான் வழக்குக்கு முக்கியமானது. ஆலைத் துறைக் கடையின் வெளிச்சுவரில் சாவிப் பலகை ஒன்று உண்டு. ஆற்றில் இறங்குகிறவர்கள் வண்டிச் சாவியை அதில் மாட்டிவிட்டுத்தான் இறங்குவார்கள். துறையில் இடம் குறைவு என்பதால், யாருக்கு எந்த வண்டியை நகர்த்த வேண்டுமோ, யாருக்கு அவசரமோ, அவர்கள் எடுத்துக்கொண்டு போய்த் திரும்ப மாட்டிவிடுவார்கள். எனக்கு நினைவு தெரிந்து அந்தப் பலகைக்குப் பூட்டு இருந்ததில்லை. திரு. மேலரி அதைப் பார்த்து, “இது என்ன, யார் வேணா எடுக்கலாமா?” என்று கேட்டார். “மாட்டுங்க. யாருக்கு அவசரமோ எடுப்பாங்க, கேக்கமாட்டாங்க. மாட்டினாலே சரின்னு சொன்ன மாதிரி” என்றேன். “எடுத்துக்கட்டும். எங்க ஊர்ல இப்படி மாட்டினா பலகையையும் சேர்த்துக் கொண்டுபோயிருவாங்க” என்று சொல்லிவிட்டு, அவர் கையாலேயே இரண்டாவது ஆணியில் மாட்டினார். திருமதி மேலரி பக்கத்தில் இருந்தார். முதல் ஆணியில் என் வண்டிச் சாவி இருந்தது.

அதன் பிறகு என் வண்டியிலிருந்த, ஆற்றில் உட்கார்ந்து மிதக்கும் நான்கு காற்று டியூப்களை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆற்றோரப் பாதையில் மேல் பாலம்வரை நடந்தோம். பாலத்தின் படிக்கட்டில் இருந்த மரத்தடுப்பை நான் தனியாக, இரண்டு கையாலும் தூக்கி ஓரமாக வைத்தேன். மேலரி தம்பதியர் அதைத் தொடவில்லை. தடுப்பைக் காற்று தள்ளியிருக்கலாம் என்று ரேஞ்சரின் அறிக்கையில் இருப்பதாக அறிகிறேன். காற்று அல்ல. நான்தான்.

பிறகு மூன்று டியூப்களில் நாங்கள் மூவரும், நான்காவதில் என் பெயர் எழுதிய குளிர்பெட்டியுமாக, பிரிந்துவிடாமல் இருக்க எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு இறங்கினோம். அப்படிக் கட்டக்கூடாது என்று ரேஞ்சர் ஒவ்வொரு கோடையிலும் துண்டுத்தாள் அச்சடித்துக் கொடுக்கிறார். அந்தத் தாளைத்தான் மடித்துக் குளிர்பெட்டியின் மூடிக்கு அடியில் இறுக்கத்துக்காக வைத்திருந்தேன்.

சுமார் பத்தரை மணியளவில், ஆலைத் தடுப்பணைக்கு முந்நூறு அடி முன்னால், கரையிலிருந்து ஆற்றுக்குள் சாய்ந்து கிடந்த பெரிய மரத்தின் கிளையில் எங்கள் கயிறு மாட்டிக்கொண்டது. தண்ணீர் எங்களை மரத்தோடு அழுத்திப் பிடித்தது. குளிர்பெட்டி மட்டும் கழன்று போய், அணையைத் தாண்டி விழுந்து, கீழே ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிப் புரண்டுகொண்டிருந்ததை மூவருமே பார்த்தோம். மரத்தின் வேர் கரையிலிருந்து பிடி விட்டுக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

அந்தச் சமயம் ஆலைத் துறைக்குத் திரும்பியிருந்த ரேஞ்சர் குளிர்பெட்டியையும் அதிலிருந்த பெயரையும் பார்த்து, யார், எங்கே என்று அறிந்துகொண்டார். மாவட்ட வண்டியை அவருடைய உதவியாளர் வேறு பாலத்துக்குத் தடுப்பு வைக்க எடுத்துப் போயிருந்தார். சாவிப் பலகையில் இரண்டே சாவிகள். என் வண்டியின் ஸ்டார்ட்டரைச் சுத்தியலால் தட்டினால்தான் கிளம்பும் என்பது இந்த மாவட்டத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். ஆகவே அவர் இரண்டாவது சாவியை எடுத்தார். எடுத்தபோதே நேரத்தையும் வண்டி எண்ணையும் வயர்லெஸ்ஸில் சொல்லியிருக்கிறார்; அது உங்கள் அலுவலகத்திலேயே பதிவாகியிருக்கும்.

பிறகு அவர் கரையோர விவசாயி லோவெல் ஃபோல்கர்ட்ஸின் வேலியை உடைத்துக்கொண்டு, சோயாக் காட்டுக்குள் குறுக்கே ஓட்டி வந்து கரையில் நிறுத்தினார். இடதுபக்கக் கதவு நசுங்கியது வேலிக் கம்பத்தால். திரு. மேலரி தண்ணீரிலிருந்து, “ஏய், அது என் வண்டியாச்சே!” என்று கத்தினார். திருமதி மேலரி, “வாயை மூடு ட்ரென்ட், வரட்டும்!” என்றார்.

ரேஞ்சர் முதலில் எங்களிடம் வரவில்லை. வின்ச்சின் வடத்தை இழுத்து மரத்தின் அடிப்பக்கத்தில் சுற்றிக் கொக்கி போட்டு, மரம் நழுவாதபடி இறுக்கினார். வண்டி ஓரடி முன்னால் இழுபட்டது. முன் பம்பர் வளைந்தது அப்போதுதான். அதன் பிறகு மிதவைச் சட்டையோடு மரத்தின் மேல் ஊர்ந்து வந்தார். நான், “கென்ட்ரா, வலது பக்கமா வாம்மா, அங்க ஆழம் கம்மி” என்றேன். “மிஸ்டர் ஹோக்ஸ்ட்ரா, பேசாம கிளையைப் பிடிங்க. யாரும் காலை ஊனி நிக்காதீங்க” என்றார். வீட்டில் அவர் என்னை அப்படி அழைத்ததே இல்லை. நான் பேசாமல் பிடித்துக்கொண்டேன். நான் சொன்ன வலது பக்கத்தில் பன்னிரண்டடி ஆழம் என்று பிறகு அளந்து சொன்னார்கள்.

மூவரிடமும் நீந்தத் தெரியுமா என்று கேட்டார். திருமதி மேலரி தெரியாது என்றார். திரு. மேலரி கொஞ்சம் என்றார். நான் நன்றாகத் தெரியும் என்றேன். ஆகவே அவர்களை ஒவ்வொருவராக மரத்தின் மேல் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோனார், நான் கடைசி. தகப்பனை ஏன் கடைசியில் விட்டார் என்று பிக்ஸ்லர் கேட்டார். அதுதான் சரியான வரிசை என்று எழுதிக்கொள்ளவும். நான் தனியாக இருந்த சுமார் பத்து நிமிடமும் அவர் ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீரையும் வடத்தையும்தான் பார்த்தார். பிறகு என் மார்பில் மீட்புப் பட்டையைக் கட்டினார். அப்போது தாழ்ந்த குரலில், “காலையில மாத்திரை போட்டியாப்பா?” என்று கேட்டார். போட்டேன் என்றேன். போடவில்லை.

நாங்கள் எல்லாரும் கரையேறிய பிறகு அவர் வடத்தைத் தளர்த்தினார். மரம் வேரோடு போய் அணையைத் தாண்டியது. அதைத் தொடர்ந்து ரேஞ்சர் வண்டிக்குப் பின்னால் போய், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி சுமார் இரண்டு நிமிடம் குந்தி உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்து, மூடிய ஆற்றில் இறங்கியதற்கான அபராதச் சீட்டை மூவருக்கும் எழுதினார். முதல் சீட்டு எனக்கு. என் பெயரில் ஓரெழுத்துகூடக் கோணவில்லை. முப்பத்தொரு வருடமாக எடைச் சீட்டு எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், நனைந்த கையால் அப்படி எழுதுவது லேசு அல்ல.

திரு. மேலரி கெட்டவர் அல்ல. ரேஞ்சரின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். வண்டியைச் சரிசெய்ய இன்சூரன்ஸ் கம்பெனி, ரேஞ்சர் அனுமதியோடு எடுத்தாரா என்று கேட்டபோது, தன்னை யாரும் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். அதுவே புகாராகிவிட்டது. கேட்கவில்லை என்பது உண்மை. சாவியை மாட்டினால் கேட்கமாட்டார்கள் என்று நான் சொன்னதும், எடுத்துக்கட்டும் என்று அவர் சொன்னதும் அதே அளவு உண்மை. இதை அவர் முன்னிலையிலும் சொல்லத் தயாராக இருக்கிறேன். திருமதி மேலரியையும் கேட்கலாம்.

நேற்று மாலை கென்ட்ரா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். பின்வாசலில் உட்கார்ந்து சோளம் உரித்துக்கொண்டிருந்தோம். “என்னைக் காப்பாத்தறேன்னு எதையும் கூட்டிச் சொல்லாதேப்பா. நடந்ததைச் சொல்லு, போதும்” என்றார். “அப்போ தடுப்பைத் தூக்கி வெச்சது நான்தான்னும் சொல்லணும்” என்றேன். அவர் இரண்டு சோளம் உரித்தார். பிறகு, “அதுக்குத் தனிச் சீட்டு. இதைவிடப் பெருசு. ஆனா என் சீட்டுப் புத்தகத்தை வாங்கி வெச்சிருக்காங்களே” என்றார். அவர் சிரிக்கவில்லை. கேரல்தான் சிரித்தாள், பிறகு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். தடுப்பை அகற்றிய குற்றத்தை நான் ஒப்புக்கொள்கிறேன். அதற்கான சீட்டைத் தாமே எழுதுவதாக பிக்ஸ்லர் சொன்னார். அவருக்கு அந்தச் சிரமம் வேண்டாம். அது ஆற்றின் எல்லைக்குள் நடந்த குற்றம், அந்த எல்லைக்கு ஒரு ரேஞ்சர் இருக்கிறார். பூங்கா வாரியம் அவரை மறுபடி வேலைக்கு அழைத்து, சீட்டுப் புத்தகத்தை அவர் கையில் கொடுக்கட்டும். எனக்குச் சேர வேண்டியதை அவரே எழுதட்டும். வரச் சொல்லும் நாளில் நான் துறையில் தயாராக நிற்பேன்.

இதுவரை சொன்னது யாருடைய தூண்டுதலும் பயமுறுத்தலும் இல்லாமல் நானாகச் சொன்னது. துணை ஷெரிஃப் எழுதியதை எனக்கு நிதானமாகப் படித்துக் காட்டினார். மாத்திரை பற்றிய வரியை மட்டும் எடுத்துவிடலாமா என்று கேட்டேன், முடியாது என்றார். மற்றதைப் போல அதுவும் உண்மை.

(ஒப்பம்) வெர்லின் ஹோக்ஸ்ட்ரா
18.07.2019, வெல்டன்

என் முன்னிலையில்:
(ஒப்பம்) கோரி பிக்ஸ்லர், துணை ஷெரிஃப்