கழுத்தில் ஒன்றுமில்லை

— …ஒண்ணுமே இல்லையாம்டா தம்பி. கழுத்துக் கட்டியில சதை எடுத்தாங்களே, ரிசல்ட் வந்துடுச்சு. அக்கா சந்தோஷமா ஓடி வந்து சொல்றேன், நீ என்னடான்னா கல்லாப்பெட்டிய வெறிச்சுப் பார்த்துட்டு நிக்கற.

— உட்காருக்கா. சதை எடுக்கறப்போ கட்டி எவ்வளவு இருந்துச்சு?

— பட்டாணி அளவுக்குச் சுருங்கிப் போச்சு. எதைக் கிள்ளி எடுக்கறதுன்னு டாக்டரே முழிச்சாரு. எல்லாம் உன் கைராசிதான், மருந்துக்கடைக்காரரே.

— அப்படிச் சொல்லாதக்கா.

— ஏன், பொய்யா? நீ குடுத்த வெள்ளை மாத்திரைய முழுங்கினேன். உடம்பு அரிப்பு போச்சு. ராத்திரி நைட்டி நனையற மாதிரி வேர்க்குமே, அதுவும் நின்னுச்சு. வயிறாரச் சாப்பிட்டேன், பாரேன்.

— அது ஸ்டீராய்டுக்கா. நெறி கட்டியிருக்கு, தானா வத்திடும்னு நினைச்சுக் குடுத்துட்டேன்.

— வத்திடுச்சுல்ல?

— வத்தல, மறைஞ்சிருக்கும். நெறியில கேன்சர் இருந்தா அந்த மாத்திரை கொஞ்ச நாளைக்கு அமுக்கி வச்சிரும். அப்போ சதை எடுத்துப் பார்த்தா ஒண்ணும் இல்லாத மாதிரியே தெரியலாம்.

— வாயைக் கழுவுடா.

— என்ன மாத்திரை சாப்பிட்டன்னு டாக்டர் கேட்டாரா?

— கேட்டாரு.

— சொன்னியாக்கா?

— டாக்டர் சீட்டு இல்லாம நீ குடுத்தன்னு தெரிஞ்சா உன் கடைய மூடிடுவாங்க. ரெண்டு பொம்பளப் புள்ளைங்கள வச்சுக்கிட்டு எங்க போய் நிப்ப?

— கடை நாசமாப் போகட்டும். கெளம்புக்கா, இப்பவே அவர்கிட்ட போவோம். நானே சொல்றேன். அன்னைக்கே உன்னை டாக்டர்கிட்ட அனுப்பியிருக்கணும். பெரிய இவனாட்டம் மாத்திரைய எடுத்துக் குடுத்தேன்.

— அழாதடா. யாராவது தலைவலி மாத்திரை கேட்டு வந்தா என்ன நினைப்பாங்க?

— பயமா இருக்குக்கா. அம்மாவுக்கு அப்புறம் நீதானே எனக்கு.

— எனக்கும் பயமாத்தான் இருக்கு, சின்னவனே. நாளைக்குக் காலைல பெரிய ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்காங்க. நீ கூட வர்றியா?

— ஒண்ணுமில்லன்னா அங்க எதுக்கு அனுப்பறாரு?

— ஸ்கேன் எடுக்கணுமாம். கட்டி மறுபடி வீங்கினதும் திரும்பச் சதை எடுக்கணுமாம். இப்ப நீ சொன்னதெல்லாம் அவர் நேத்தே சொல்லிட்டாருடா. உன் காதுல விழ வேணாம்னுதான் சிரிச்சுக்கிட்டே வந்தேன்.

— அப்போ மாத்திரை விஷயம் அவருக்குத் தெரியுமா? யார் குடுத்தான்னு கேட்கலையா?

— கேட்டாரு. தம்பி அசந்த நேரத்துல கடைக்குள்ள பூந்து நானே திருடித் தின்னேன்னு சொல்லிட்டேன்.