முளைக்காத இடம்

—பிடுங்கிக்கிட்டே இருந்தா ஒருநாள் முடி முளைக்கவே மறந்துடுமான்னு என்கிட்ட ஒரு தடவை கேட்டியே, ஞாபகம் இருக்காண்ணே?

—இருக்கு.

—நான் என்ன சொன்னேன்?

—மறக்காது, களைச்சுப் போய் விட்டுடும்னு சொன்னே.

—அப்பாடா. அப்ப நீ பா தின் அண்ணன்தான். காலைல நீ படியேறி வந்தப்ப ஏதோ கரடி லுங்கி கட்டிக்கிட்டு வருதுன்னுதான் நினைச்சேன். தலையை மடியில நல்லா வை. மோவாயைத் தூக்கு. இந்தக் காட்டை எங்கேர்ந்து தொடங்கறது?

—பேசாம சவரம் பண்ணிட்டா என்ன, நுவே? சந்தையில கடை இருக்குமே.

—உன் வாயிலயா இந்தப் பேச்சு? கத்தி பட்ட முடி கோவத்தோட முளைக்கும்னு அப்பா சொல்லுவாரே. இந்த வீட்டு ஆம்பிளைங்க தாடையில இதுவரைக்கும் கத்தி பட்டதில்ல. நீ மட்டும் வழிச்சுக்கிட்டுப் போய் நின்னேன்னா அம்மா பாயைத் திருப்பிப் போட்டுப் படுத்துக்கும்.

—நூல் போட்டு எடுக்கறாங்களே. சீக்கிரம் முடியும்.

—நூல் பொம்பளைங்க நெத்திக்கு. உனக்கு நூல் போடணும்னா நீ இழுத்த மீன் வலையிலேர்ந்துதான் அறுத்துக்கிட்டு வரணும். களிம்பும் விக்கிறாங்க. அடுத்த வீட்டு கோ சிட் கல்யாணத்துக்கு முதல் நாள் அதைப் பூசிக்கிட்டுத் தூங்கிட்டாரு. மறுநாள் மாப்பிள்ளையைப் பாத்தா அவிச்ச நண்டு. போட்டோல பொண்ணு மட்டும்தான் சிரிக்குது. யாங்கோன்ல ஏதோ வெளிச்சத்தைக் காட்டி வேரோட பொசுக்குறாங்களாம், அதெல்லாம் துரைமாருக்கு. நமக்கு முடி பிடுங்க அப்பாவோட பித்தளைச் சாமணம்தான்.

—அடி நுவே, ஒரு கன்னமாவது முடிஞ்சுதா?

—இப்பத்தாம்மா உட்கார்ந்திருக்கோம். கொஞ்சம் படுத்திரு.

—முடிச்சுட்டுக் கூட்டிட்டு வா. தாடியோட என் பக்கத்துல வேணாம். என் மகன் முகத்தை நான் தடவிப் பாக்கணும், துடைப்பத்தை இல்ல.

—கேட்டியாண்ணே? உன்னைத் தொடறதுக்கு இத்தனை வருஷம் காத்துக்கிட்டிருந்துட்டு, தாடி இருக்குதுன்னு இன்னும் தொடாம கிடக்கு. வேற எந்த அம்மா இப்படி இருப்பா?

—ம்.

—நுவே, அவன்கூட வந்தவனுக்குச் சோறு போட்டியா?

—யாரும்மா வந்தது? அண்ணன் ஒத்தையாத்தான் வந்தான்.

—ரெண்டு பேர் படியேறின சத்தம் கேட்டுதேடி.

—மூணாவது படி ஆடுதும்மா. ஒருத்தர் ஏறினாலே ஊரே ஏறின மாதிரி கத்தும்.

—எனக்குத் தெரியாத படியா.

—கண்ணுல பூ விழுந்ததுலேர்ந்து காது இப்படித்தான் ஆயிடுச்சுண்ணே. போன மழைக்கு, செத்துப்போன மாமா கொல்லையில இருமுறாருன்னு சொல்லிச்சு. அட, ஏன் உடம்பு இப்படி உதறுது? இன்னும் ஒரு முடிகூடப் பிடுங்கல.

—ஈரக்காத்து.

—நம்ம ஊரு மோல்மேன் மழை உனக்குப் புதுசா? அசையாதே. ஒண்ணு. வலிச்சுதா?

—இல்ல.

—சின்ன வயசுல கத்துவே. கத்திக்கிட்டே மோவாயைக் காட்டுவே. படகுல யாரு பிடுங்கிவிட்டாங்க?

—படகுலயும் கத்தி கிடையாது. கீறினா உப்புத்தண்ணி பட்டுச் சீழ் வெச்சிடும். ரெண்டு காசுக்கு நடுவுல முடியைக் கவ்வ வெச்சு வெடுக்குனு இழுக்கறது. எல்லாரும் வரிசையில உட்காருவோம். ஒருத்தன் கை அவ்வளவு சுத்தம், இழுத்ததே தெரியாது. அவன் போனப்புறம் யாரும் தாடையைக் காட்டல. வளந்துடுச்சு.

—என்னைவிடச் சுத்தமான கையா?

—ம்.

—பாரு, கன்னம் எட்டிப் பாக்குது. எவ்வளவு கறுத்துப் போயிட்டே. நீ போனப்ப எனக்குச் சின்ன வயசு. உன் முகம்னா எனக்கு மோவாயும் கழுத்தும்தான், கீழேர்ந்து பாத்த முகம். காலைல எந்திரிச்சா பாய் சுருட்டி வெச்சிருக்கு, உன்னைக் காணோம். தாய்லாந்துப் படகுக்குப் போறேன்னு ஒரு வார்த்தை சொன்னியா? அம்மாகிட்டகூட சொல்லல.

—சொன்னா போக முடிஞ்சிருக்காது.

—ஆமா. அது சரிதான். தலையைத் திருப்பு. இடது பக்கம். இங்க வேலை கம்மி. தாடை எலும்புக்குக் கீழ இந்தக் குழி உனக்குக் கண்ணாடில தெரியாது, நான்தான் பாத்துப் பாத்துப் பிடுங்குவேன். ஒவ்வொரு உபவாச நாளும். கடைசில அது களைச்சுப்போய் முளைக்கறதையே விட்டுடுச்சு. கட்டை விரல் அளவு வழுக்கை. அம்மா உன்னைத் தூக்கத்துல எழுப்பறப்ப அங்கதான் விரலை வைக்கும்.

—நுவே, போதும். மிச்சத்தை நானே…

—அசையாதேன்னு சொன்னேன்ல.

—போதும்னு சொல்றேன்.

—இங்க முடி இருக்கு.

—…வளந்திருக்கும்.

—நல்லா, அடர்த்தியா இருக்கு. ஒருநாளும் களைச்சுப் போகாத முடி.

—நுவே.

—தலையை எடுங்க.

—நான் சொல்றதைக் கேளு.

—எடுங்க. அன்னிய ஆம்பிளை தலை என் மடியில கிடக்குது. மெதுவாப் பேசுங்க, மழை கொட்டுது, உள்ள கேக்காது. யாரு நீங்க?

—என் பேர் லா பே. ஊர் பியாபோன் பக்கம். அவனும் நானும் ஒரே படகு.

—எங்க அண்ணன் எங்க?

—தீவுல. காய்ச்சல். நாலு பேர் சேந்து குழி வெட்டினோம். நான்தான் தலைப்பக்கம் பிடிச்சேன்.

—எங்களுக்கு ஏன் யாரும் சொல்லல?

—செத்தது பா தின் இல்லியே. லா பே.

—என்ன உளர்றீங்க?

—படகுல ஏத்தறப்ப தரகன் ஆளுக்கு ஒரு அட்டை குடுத்தான். என் கையில உங்க அண்ணன் பேர், அவன் கையில என் பேர். தாய் எழுத்து, எங்களுக்கு எங்க படிக்கத் தெரியும்? படகுத் தலைவன் கூப்பிட்டப்பத்தான் மாறிக் கிடக்குன்னு தெரிஞ்சுது. மாத்துங்கன்னு கேட்டதுக்கு உதை விழுந்துச்சு. அப்புறம் எங்களுக்கே சிரிப்பா ஆயிடுச்சு. "டேய் நானே, போய் எனக்குத் தண்ணி கொண்டா"ம்பான் அவன். அவன் செத்ததும் பலகையில என் பேரை எழுதி நட்டாங்க. என் வீட்டுக்குத்தான் சேதி போச்சு.

—அந்தக் கேள்வி? களைச்சுப் போகும்னு சொன்னீங்களே?

—அவன் சொன்னது. என் தாடையைப் பிடிச்சுக்கிட்டு இந்த வீட்டைப் பத்தியே பேசுவான். தங்கச்சி இப்படிச் சொல்லுவா, தங்கச்சி அப்படிப் பிடிப்பா. எனக்கு எல்லாமே தெரியும். இந்த இடம் மட்டும்தான் தெரியாது. அதைச் சொல்லல அவன்.

—அவனுக்கே தெரியாது. கண்ணாடில தெரியாத இடம்.

—என்னை விடுங்க, நான் போயிடறேன்.

—உங்க வீட்டுக்குப் போகாம எதுக்கு இங்க வந்தீங்க? எதுக்கு அம்மாகிட்ட "வந்துட்டேம்மா"ன்னு சொன்னீங்க?

—போனேனே. எனக்கு ஏழாம் நாள் காரியம் முடிச்சிருந்தாங்க. பிக்குகளுக்குச் சோறு போட்டு, புண்ணியத்தைப் பங்கு வெச்சு, என்னை அனுப்பி வெச்சுட்டாங்க. எங்கம்மா வாசல்ல வந்து என்னைப் பாத்துச்சு. பயப்படக்கூட இல்ல. "இங்க உனக்கு ஒண்ணும் பாக்கி இல்ல ராசா, நல்ல பிறவியாப் பாத்துப் போ"ன்னு கதவைச் சாத்திச்சு. தட்டிப் பாத்தேன். உள்ள ஓத ஆரம்பிச்சுட்டாங்க.

—…அதுக்கு?

—இங்கயாவது உண்மையைச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன். சத்தியமா. படியேறி வாயைத் திறக்கறதுக்குள்ள உங்கம்மா உள்ளேர்ந்து "பா தின்"னு கூப்பிட்டாங்க. அந்தப் பேருக்குப் பதில் சொல்லலேன்னா உதை விழற இடத்துல இருந்த வாய் இது. வந்துட்டேன்னு சொல்லிடுச்சு.

—உங்களுக்கு வெக்கமா இல்ல?

—இருக்கு. ஆனா சொல்லித்தான் ஆகணும் நுவே. என்னை அனுப்பி வெச்சாங்க, நான் போகல. அவனை யாரும் அனுப்பவே இல்ல. கண்ணை மூடினா வந்து நிக்கறான். தாடி நெஞ்சு வரைக்கும் வளந்திருக்கு. ஒண்ணும் பேசமாட்டான். மோவாயை மட்டும் தூக்கிக் காட்டறான்.

—பேசாம இருங்க.

—பிடுங்கிவிடச் சொல்றான். கையை நீட்டினா என் கையில அந்த ரெண்டு காசு இருக்காது.

—பேசாம இருங்கன்னு சொன்னேன்.

—நுவே, என்னடி குசுகுசுன்னு? ரெண்டு கன்னமும் ஆச்சா? எனக்குக் கை பரபரங்குது.

—ஆச்சும்மா. இன்னும் கொஞ்சம்தான்.

—இன்னைக்குத்தாண்டி சோறு தின்னணும்னு இருக்கு. அவன் முகத்தைத் தொட்டுட்டுத் தின்னுறேன்.

—சரிம்மா… கேட்டீங்களா? சோத்தைத் தொட்டு எத்தனை நாளாச்சு தெரியுமா? கஞ்சியைக்கூடத் துப்புது. படுங்க.

—என்ன?

—திரும்பப் படுங்க. அம்மா விரல் முதல்ல அங்கதான் போகும். அங்க ஒரு முடி இருக்கக் கூடாது.

—வேணாம் நுவே. பாவம்.

—அந்தப் பாவம் எனக்கு வரட்டும். நான் பண்றது, நான் சுமக்கிறேன்.

—அவனுக்கு?

—அவன் செத்துட்டான். அம்மா உசிரோட இருக்கு. மோவாயைத் தூக்குங்க. பல்லைக் கடிச்சுக்கோங்க, ஒவ்வொண்ணா எடுக்க நேரம் இல்ல.

—ஸ்ஸ்.

—கத்தாதீங்க. அவன் கத்தின மாதிரியே இருக்கு. இன்னும் நாலு. ரத்தம் வருது, தொடைச்சுடறேன். தனகா மரப்பட்டைச் சாந்தைக் குளிரக் குளிரப் பூசிக் கழுவிட்டா வழவழன்னு ஆயிடும். உள்ள போனதும் உங்களை நீன்னுதான் கூப்பிடுவேன். நீங்களும் என்னை அப்படியே.

—எவ்வளவு நாளைக்கு?

—அம்மா இருக்கற வரைக்கும்… வாண்ணே. அம்மா, கூட்டிட்டு வந்துட்டேன். இந்தா உன் மகன்.

—உட்காரு. இன்னும் கிட்ட. மூச்சை விடு, எதுக்குப் பிடிச்சு வெச்சிருக்கே?

—ம்.

—கன்னம் ஒட்டிப் போச்சு. ஒழுங்கா ஒரு வேளை சோறு போட்டிருக்க மாட்டாங்க. வலது பக்கம் நல்லா எடுத்திருக்கா. மீசைக்கிட்ட அவசரப்பட்டிருக்கா. இதோ, இந்தக் குழி.

—எப்பவும் போல வழவழன்னு இருக்கும்மா.

—வழவழன்னுதான் இருக்கு நுவே. முளைக்காத இடம் எதுக்குடி இப்படிக் கொதிக்குது?

—காய்ச்சல் அடிக்குதுபோல, மழையில நனைஞ்சு வந்ததுல…

—கன்னம் சில்லுனு இருக்கு. இங்க மட்டும் காய்ச்சலா?

—அம்மா.

—உன்னைத் திட்டல. தம்பி, உன் பேர் என்ன?

—…லா பே.

—சத்தமாச் சொல்லு. மழை பெய்யுதுல்ல.

—லா பே.

—நல்ல பேரு. இனிமே யாரு கேட்டாலும் இதையே சொல்லு.

—அம்மா, நான் ஏமாத்த வரல. நீங்க உள்ளேர்ந்து "பா தின்"னு கூப்பிட்டீங்க. நான்…

—நான் உன்னைக் கூப்பிடல தம்பி.

—அம்மா?

—முதல்ல உன் கால் சத்தம் கேட்டுச்சு. எல்லாப் படியையும் மிதிச்சு வந்தே. பின்னாடி ஒருத்தன், மூணாவது படியைத் தாண்டி மிதிச்சான். என் மகன் நடக்கத் தெரிஞ்சதுலேர்ந்து அப்படித்தான் ஏறுவான். அவனைத்தான் கூப்பிட்டேன். நீ பதில் சொல்லிட்டே.

—அம்மா, எனக்குப் பயமா இருக்கு.

—உன் அண்ணன்தானேடி, என்ன பயம்? சொம்புல தண்ணி கொண்டா. பிக்குகளை நாளைக்குக் கூப்பிடலாம். இன்னைக்குப் புண்ணியத் தண்ணியை நானே ஊத்தறேன். லா பே, நீ கொஞ்சம் தள்ளி உட்காரு. காலைலேர்ந்து உன் முதுகுக்குப் பின்னாடியே நிக்கறான்.

—இந்தாம்மா தண்ணி.

—என் கையைப் பிடிச்சுக்கோ. ராசா, அம்மா இத்தனை நாள் செஞ்ச புண்ணியத்துல எல்லாம் உன் பங்கு இருக்கு. எடுத்துக்கோ. இங்க நின்னு களைச்சுப் போக வேணாம். போயிட்டு வா.

—அம்மா, வாசல்ல படுத்திருந்த நாய் எந்திரிச்சு ஒதுங்குது.

—லா பே, நீ அவன்கூடவே இருந்தவன். ஏதாவது சொல்றானா?

—ஒண்ணும் சொல்லலம்மா. படியில கால் சத்தம் மட்டும்தான் கேக்குது.

—மூணாவது?

—தாண்டிட்டான்.