அண்ணன் பல்லு நிறம்

— வாயை நல்லாத் திறங்க தம்பி. ம்... ரூட் கெனால் பண்ணினப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன், நரம்பு எடுத்த பல்லு போகப் போகக் கறுக்கும், வந்து வெளுத்துக்கோங்கன்னு. இப்பத்தான் ஞானம் வந்துதாக்கும்!

— இப்பத்தான் தேவைப்படுது டாக்டரம்மா.

— பொண்ணு பார்க்கப் போறீங்களா?

— அதெல்லாம் இல்ல.

— சரி சரி, முறைக்காதீங்க. பின்பக்கமாத் திறந்து உள்ளே மருந்து வச்சு அடைச்சு விடறேன். உள்ளேருந்தே வெளுத்துக்கிட்டு வரும். ஒரு வாரம் கழிச்சு வந்தா மருந்தை மாத்திப் பார்க்கலாம்.

— வாரமா? வெள்ளிக்கிழமை அண்ணி அவங்க அம்மா வீட்டுலேருந்து வந்துடுவாங்க.

— அண்ணி வந்தா உங்க பல்லுக்கு என்ன? பக்கத்துப் பல்லு நிறத்துக்குக் கொண்டுவந்துடறேன், போதுமா?

— அது சிகரெட் கறை. எனக்கு அண்ணன் பல்லு நிறம் வேணும். வாய் முழுக்க.

— அடேங்கப்பா! ரெட்டைப் பிள்ளைங்க, அச்சு அசல் ஒரே முகம். இந்தக் கறுப்புப் பல்லை வச்சுத்தான் நானே உங்க ரெண்டு பேரையும் பிரிச்சுப் பார்க்கிறேன். அதுவும் போச்சுன்னா உங்க அண்ணி திண்டாடிப் போவாங்க.

— மாட்டாங்க. அண்ணனுக்குக் கீழ்ப்பல்லு ஓரம் லேசா உடைஞ்சிருக்கும்ல? எனக்கும் அதே மாதிரி ராவி விட்டுடுங்க.

— நல்ல பல்லையா? விளையாடாதீங்க தம்பி.

— விளையாடல.

— கையைக் காட்டுங்க. என்ன காயம் இது?

— கதவுல மாட்டிக்கிச்சு.

— கதவுக்கு ஏது பல்லு? இத்தனை வருஷமா வாய்க்குள்ளேயே குடித்தனம் பண்றேன், கடிச்ச தடம் எனக்குத் தெரியாதா?

— நீங்க உங்க வேலையைப் பாருங்க டாக்டரம்மா.

— அதைத்தான் பார்க்கிறேன். அண்ணன் பல்லைப் பக்கத்துல வச்சுப் பார்க்காம நிறம் எப்படிச் சேர்க்கிறது? இருங்க, நானே போன் போட்டு வரச் சொல்றேன்... என்ன இது, உங்க சட்டைப் பையில அடிக்குது?

— அவன் போன்தான்.

— அண்ணன் எங்கே?

— சின்ன வயசுல அவன் படியில தள்ளிவிட்டுத்தான் இந்தப் பல்லு செத்துச்சு. அப்பா அவனை ஒரு வார்த்தை கேக்கல. கொஞ்ச நேரம் முன்னாடி பொறந்துட்டான், அவ்வளவுதான். வீடு, கடை, அண்ணி, எல்லாம் அவனுக்கு. எனக்குக் கறுப்புப் பல்லு.

— தம்பி... எனக்குப் பயமா இருக்கு. அண்ணன் எங்கேன்னு சொல்லுங்க.

— வாசப்பக்கம் ஏன் பார்க்கிறீங்க? நர்ஸை நான்தான் சாப்பிட அனுப்பிட்டேன், கதவும் சாத்தியாச்சு. நிதானமாப் பண்ணுங்க.

— நான்... நிறம் பார்க்காம எப்படி...

— அவ்வளவுதானே? இந்த டப்பாவைத் திறங்க. காஞ்சு நிறம் மாறிடக் கூடாதுன்னு அவன் பல்லைப் பால்ல போட்டுத்தான் கொண்டுவந்திருக்கேன்.